பல்லின் மேல் ஒரு பீங்கான் ஓடு: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

என்னுடைய மேல் முன்பற்களில் ஒன்று சாம்பல் நிறம். 2009 ஏப்ரலில், மாத்தளனில், பங்கருக்கு மேல் அடுக்கியிருந்த பனங்குற்றி ஒன்று ஷெல் அதிர்வில் சரிந்து வாயில் அடித்தது. அப்போது எனக்கு 16 வயது. பல் விழவில்லை. ஆடியது, இரத்தம் வந்தது, சில கிழமைகளில் தானாகவே இறுகிவிட்டது. பக்கத்தில் கை, கால் போனவர்கள் கிடந்த இடத்தில் ஆடிய பல்லைப் பற்றிக் கதைக்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அது நிறம் மாறத் தொடங்கியதை மெனிக்பாமில் யாரோ வைத்திருந்த கைக்கண்ணாடியில்தான் முதன்முதலில் கண்டேன்.

அன்றிலிருந்து மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டேன். பல்கலைக்கழகப் பட்டமளிப்புப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன்.

கடந்த வருடம் ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணம் முடிவானபோது கனடாவிலிருந்து சின்னம்மா வட்ஸ்அப்பில் எடுத்தா. "பிள்ளை, அந்தப் பல்லைச் செய்து விடு. இங்க எல்லாரும் வெனீர் எண்டு ஒண்டு ஒட்டுகினம், அப்பிடியே வெள்ளையா இருக்கு. காசு நான் அனுப்புறன்" என்றா. தன் பற்களையும் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினா. உண்மையாகவே அழகாகத்தான் இருந்தன.

நான் வெனீர் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதை அறிந்துகொள்ள எனக்கு எட்டு மாதமும் இரண்டு பல் வைத்தியர்களும் தேவைப்பட்டார்கள். இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலரையும் இந்தக் காலத்தில் சந்தித்தேன். அவர்களில் ஒருவருக்கு வெனீர் மிகச் சரியான முடிவாக அமைந்தது. வெளிநாட்டிலிருந்து காசு வரப்போகிறது, அல்லது சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது, பல்லைச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அது என்ன ஓடு?

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடு. பொய்நகத்தைப் பல்லுக்கு ஒட்டியதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லி மீற்றர் அளவுதான். சிலவேளை அதிலும் கொஞ்சம் குறையும், கூடும்.

இதன் தொடக்கம் ஹொலிவூட். 1920களின் இறுதியில் சார்ள்ஸ் பின்கஸ் என்ற பல் வைத்தியர் நடிகர்களின் பற்களுக்கு மேல் மெல்லிய ஓடுகளைப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கழற்ற வேண்டும். நிரந்தரமாக ஒட்டும் வழி அப்போது இருக்கவில்லை. 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர் பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. இன்று செய்யப்படுவது இந்த இரண்டும் சேர்ந்த வேலைதான்.

இங்கே முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பசை நன்றாகப் பிடிப்பது எனாமலில். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே, அதுதான். முன்பல்லின் நுனிப் பக்கம் எனாமல் ஏறத்தாழ ஒரு மில்லி மீற்றர் தடிப்பு. முரசுக்குக் கிட்டப் போகப்போக இன்னும் மெலிந்துவிடும். ஓடு வெளியே துருத்திக்கொண்டு நிற்காமலிருக்க, வைத்தியர் அந்த எனாமலில் இருந்துதான் கொஞ்சத்தைச் சீவி எடுக்கிறார். சீவிய எனாமல் திரும்ப வளராது. நகம்போல வளரும், எலும்புபோலப் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. எனாமலை உண்டாக்கும் கலங்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன.

ஆகவே "பிடிக்காவிட்டால் பிறகு கழற்றலாம்" என்று யாராவது சொன்னால், அது அரை உண்மை. ஓட்டைக் கழற்றலாம். பழைய பல்லுக்குத் திரும்ப முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்தப் பல்லின் மேல் ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

நல்ல எனாமலில், நல்ல கையால் ஒட்டப்பட்ட ஓடு பத்து, பதினைந்து வருடம் இருக்கும். அதற்கு மேலும் இருப்பதுண்டு. முப்பது வயதில் ஒட்டுகிற ஒருவர் எழுபது வயதுக்குள் இரண்டு, மூன்று தடவையாவது மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போடுங்கள். கனடாக் காசு முதல் தடவை வரும். இரண்டாம் தடவை யார் தருவார் என்பதையும் அன்றைக்கே யோசிக்கத்தான் வேண்டும்.

முதல் கிளினிக்கும் எட்டுப் பற்களும்

முதலில் கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பறைச் சுவர் முழுவதும் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று படங்கள். ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் அந்தப் படங்களை நான் கொஞ்சம் வேறு கண்ணால் பார்ப்பேன். முன் படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழும், பல் உலர்ந்திருக்கும், உதடு வெளிறியிருக்கும். பின் படத்தில் வெளிச்சம் முன்னாலிருந்து வரும், பல் ஈரமாக மினுங்கும், உதட்டுச்சாயமும் இருக்கும். பாதி வித்தியாசம் பல் வைத்தியருடையது, மீதி கமராக்காரருடையது.

ஐந்து நிமிடத்தில் நிற அட்டையை என் பற்களுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கறுத்தது ஒரு பல். செய்யவேண்டியது எட்டு என்றார்கள். ஒன்றுக்கு மட்டும் ஒட்டினால் மற்றவற்றோடு நிறம் பொருந்தாதாம். ஒற்றை முன்பல்லுக்கு நிறம் பொருத்துவது கடினம் என்பது உண்மைதான். அதற்காக நோயில்லாத ஏழு பற்களைச் சீவுவது சரியா என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல் ஏன் கறுத்தது என்றும் கேட்கவில்லை. முற்பணம் கட்ட ஒரு தாளைத் தந்தார்கள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்தேன்.

இரண்டாவது வைத்தியர் பின்னேரங்களில் மட்டும் தனியாகப் பார்ப்பவர். அவர் கேட்ட முதல் கேள்வியே "அடி பட்டதா?" என்பதுதான். குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பற்கள் கூசின. சாம்பல் பல் ஒன்றுமே உணரவில்லை. எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் ஒரு கறுத்த வட்டம். பல்லின் நரம்பும் இரத்த ஓட்டமும் அடிபட்ட அந்த நாட்களிலேயே செத்திருக்க வேண்டும் என்றார். உள்ளே கசிந்த இரத்தம் சிதைந்து பல்லுக்குள் ஊறியதுதான் அந்த நிறம். வேர் நுனியில் கிருமி இருந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு இத்தனை வருடமும் ஒரு நோவும் இல்லை.

"இதுக்கு மேல ஓட்டை ஒட்டியிருந்தா, வடிவான பல்லுக்குக் கீழ சீழ் இருந்திருக்கும் பிள்ளை" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஓடு மெல்லியது, ஒளி ஊடுருவும். அதுதான் அதன் அழகு. ஆனால் அடியில் பல் கறுப்பாக இருந்தால் அந்தக் கறுப்பும் ஊடுருவித் தெரியும். மறைக்க வேண்டுமானால் தடித்த ஓடு வேண்டும். தடித்த ஓட்டுக்கு இன்னும் அதிகம் சீவ வேண்டும்.

எனக்கு நடந்தது வேறு வைத்தியம். மூன்று தடவை போய் வேருக்குள் துப்புரவு செய்து அடைத்தார்கள். சனங்கள் 'நரம்பு எடுக்கிறது' என்று சொல்கிற ரூட் கனால் அதுதான். பிறகு பல்லின் பின்பக்கத் துளைக்குள் வெளிற்றும் மருந்தை வைத்து மூடி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றினார்கள். சாம்பல் நிறம் இளமஞ்சளாக வந்தது. பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் ஒரு சாயல் வித்தியாசம் இருக்கிறது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அடிபட்ட பல்லில் இப்படி வெளிற்றியபின் அரிதாக வேர் கரைவதுண்டு என்பதால் காலத்துக்குக் காலம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் விழுந்தும் அடிபட்டும் இப்படி ஒற்றைப் பல் கறுத்தவர்கள் ஏராளம். அவர்களிடம் சொல்ல விரும்புவது: நிறத்துக்கு மருந்து தேட முதல், அந்தப் பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் பல் நெருமுதல்

அன்று வைத்தியர் என் கீழ்ப் பற்களின் நுனி தேய்ந்து தட்டையாக இருப்பதைக் கண்டார். "நித்திரையில பல்லு நெருமுவீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். கூட வந்திருந்த அம்மா சொன்னா: "அந்தக் கூடாரத்துக்குள்ள படுத்த காலத்திலயிருந்து நெருமுறாள், டொக்டர். நான் ஒருநாளும் சொல்லேல்லை."

பதினைந்து வருடத்துக்கும் மேலாக அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறா.

நித்திரையில் பல் நெருமுவதற்குக் காரணங்கள் பல. மன அழுத்தமும் பயங்கர அனுபவங்களின் பின்னான உளப்பாதிப்பும் அதோடு சேர்ந்து வருவது பல் வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயம். காலையில் தாடை நோவது, கன்னப்பொறி இறுகியிருப்பது, தலையிடி, பல் நுனி தேய்வது எல்லாம் அதன் அறிகுறிகள். நெருமும்போது தாடை கொடுக்கும் அழுத்தம் சாப்பிடும்போது கொடுப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகலாம். பீங்கான் அதைத் தாங்காமல் வெடிக்கும், அல்லது ஓடு கழன்று விழும். அதனால்தான் கடுமையாக நெருமுகிறவர்களுக்கு வெனீர் வேண்டாம் என்று சொல்கிறார்கள். செய்தாலும் இரவில் வாய்க்குள் பிளாஸ்ரிக் காப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

போரைக் கடந்து வந்த ஒருவர் வெனீர் பற்றி யோசித்தால், பக்கத்தில் படுப்பவரிடம் முதலில் இதைக் கேட்கட்டும்.

சரியாக அமைந்த ஒருத்தி

வவுனியா மாவட்டத்துக் கிராமமொன்றில் வளர்ந்த என் தோழி முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய முன்பற்கள் எல்லாவற்றிலும் மண்ணிறப் பட்டைகள். வகுப்பில் ஒரு சின்னப் பெடியன் "ரீச்சர், நீங்கள் பல்லு விளக்கேல்லையோ?" என்று கேட்டதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அது அழுக்கு அல்ல, கிணற்று நீர். வவுனியா, அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைட் கூட. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை, அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்கள் வெண்புள்ளியோடோ மண்ணிறத்தோடோ முளைக்கின்றன. வளர்ந்தபின் தண்ணீரை மாற்றினால் பல் மாறாது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு மாற்றினால் மாறும்.

அவளுடைய வைத்தியர் நேராக ஓட்டுக்குப் போகவில்லை. முதலில் மேற்பரப்பை நுண்ணியதாக உரசிப் பார்த்தார். இலேசான புளோரைட் கறை அதிலேயே போய்விடும். சிலருக்கு வெளிற்றும் மருந்தோடு சேர்த்துச் செய்தால் போதும். இவளுக்குக் கறை ஆழமாக இருந்தது. பற்கள் உறுதி, முரசு சுகம், நெருமுதல் இல்லை, எனாமல் போதிய தடிப்பு. குறை நிறத்தில் மட்டும். வெனீர் உண்மையில் இப்படியான பல்லுக்குத்தான். மேலே ஆறு பற்களுக்கு ஒட்டினார்கள். புளோரைட் ஊறிய எனாமல் அமிலத்துக்கு இலகுவில் மசியாது. கூடுதல் நேரம் அரித்துத்தான் பசை போட வேண்டும். இதைத் தெரிந்த கை வேண்டும்.

நாலு வருடமாகின்றன. இப்போது கை வாய்க்குப் போவதில்லை. புழுக்கொடியலை மட்டும் கைவிட்டுவிட்டாள். நண்டுக்கால் உடைப்பது, சோடாப் போத்தல் மூடி திறப்பது, தையல் நூலைப் பல்லால் அறுப்பது எல்லாவற்றையும் ஓடு ஒட்டியவர்கள் மறந்துவிட வேண்டும். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் எத்தனையோ அக்காமாருக்குக் கத்தரிக்கோல் கையில் இருந்தாலும் நூலுக்குப் பல்லுத்தான் போகும்.

கதிரையில் சாய முடியாதவர்

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருடைய முன்பற்கள் தடுப்பில் இருந்த காலத்தில் உடைக்கப்பட்டவை. ஒன்றில் பாதி இல்லை, இன்னொன்று வேர் மட்டும். மகளின் சாமத்தியச் சடங்குக்கு முன் 'அந்த வெள்ளை ஓடு' போடலாமா என்று கேட்டுப் போனார். போட முடியாது. ஓடு ஒட்ட முன்பக்கம் இருக்க வேண்டும். பெரும்பகுதி உடைந்த பல்லுக்குக் கிறவுண் என்ற முழுத் தொப்பி, இல்லாத பல்லுக்குப் பாலமோ கழற்றிப் பூட்டும் பல்லோ, வசதியிருந்தால் எலும்பில் பதிக்கும் பல்லோ வைக்கலாம்.

ஆனால் அவருக்கு அதுவல்ல பிரச்சினை. கதிரையைச் சாய்த்து, முகத்துக்கு மேல் விளக்கைப் போட்டு, ஒருவர் தலைமாட்டில் நின்று வாய்க்குள் கை வைத்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு தடவை. மூன்றாம் தடவை வைத்தியர் கதிரையை நிமிர்த்தியே வைத்தார், கதவைத் திறந்து விட்டார், கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார், கை உயர்த்தினால் உடனே நிறுத்துவதாகச் சொன்னார். அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா பார்த்தார்கள்.

உங்களுக்கும் அப்படி இருந்தால் காரணத்தை விபரமாகச் சொல்ல வேண்டியதில்லை. "சாய்ந்து படுக்க ஏலாது, இடைக்கிடை நிறுத்துங்கோ" என்ற ஒரு வரி போதும். அதற்கு முகம் சுளிக்கும் வைத்தியரிடம் மணித்தியாலக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் வேலையை ஒப்படைக்காதீர்கள். தாடையிலோ முகத்திலோ ஷெல் துண்டு இருப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். பல் எக்ஸ்ரேக்கு அதனால் ஆபத்தில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்ப முதல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்து வைக்க முதல்

முரசிலிருந்து இரத்தம் வருகிறதென்றால், சூத்தைப் பல் இருக்கிறதென்றால் முதலில் அது. அரச வைத்தியசாலைப் பல் பிரிவுகளில் பல் பிடுங்குவதற்கும் சாதாரண அடைப்புக்கும் காசில்லை. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முரசு நோய் இலகுவில் வரும். முரசு இறங்கினால் ஓட்டின் விளிம்பு வெளியே தெரியும். வெற்றிலை போடுகிறவர்கள் வேறு ஒன்றையும் கவனிக்க வேண்டும். பீங்கானில் கறை பிடிக்காது, விளிம்புப் பசையில் பிடிக்கும். அது சின்ன விடயம். வாய்க்குள் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறக்க இறுக்கம் இருந்தால் பல்லின் அழகை விட்டுவிட்டு அதைக் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் எங்கள் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வெனீர் வேண்டாம். பல்லுக்குள் நரம்பு இன்னும் பெரிதாக இருக்கும், முரசும் நிலைத்திராது.

கொம்போசிற் என்ற பிசின் பூச்சு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சின்ன உடைவு, பல் இடைவெளி, புள்ளிக் கறை போன்றவற்றுக்கு ஒரே நாளில், பல்லைச் சீவாமல் அல்லது மிகக் குறைவாகச் சீவிச் செய்யலாம். பீங்கானைவிடக் கெதியில் மங்கும், விளிம்பில் உடையும், ஆனால் திருத்தலாம், செலவும் குறைவு.

எத்தனை பல், ஏன் அத்தனை, எவ்வளவு சீவப்படும், உடைந்தால் யார் பொறுப்பு, ஒரு பல்லுக்கு மொத்தம் எவ்வளவு: இவற்றை எழுத்தில் கேளுங்கள். மெழுகிலோ பிசினிலோ மாதிரி செய்து வாயில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அழகுநிலையத்தில் வெனீர் ஒட்டக்கூடாது.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு கிழமைக்குள் கோயில் திருவிழா, கல்யாணம், பல் எல்லாவற்றையும் முடிக்க நினைக்கிறீர்கள். லண்டனில் இருப்பவர்கள் 'துருக்கிப் பல்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். வெனீர் என்று சொல்லிப் போனவர்களுக்கு நல்ல பற்களைச் சுற்றிவரச் சீவி முளைக்குச்சி போலாக்கிக் கிறவுண் மாட்டி அனுப்பிய கதைகள் அங்கே பத்திரிகைகளில் வந்தன. பிரித்தானியப் பல் வைத்தியர்களே பகிரங்கமாக எச்சரித்தார்கள். பிழை துருக்கியில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. அந்த அவசரம் கொழும்பிலும் விற்கப்படுகிறது.

'உயிர் தப்பினதே பெரிசு, இதுக்குள்ள பல்லு வடிவோ' என்று நினைப்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வாயைத் திறந்து சிரிக்க ஆசைப்படுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எதைச் சீவுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படலாம்.

சின்னம்மாவிடம் விசயத்தைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. கொம்பிளீற்றா வெள்ளையாக்காமல் ஒரு பல்லை மட்டும் செய்தேன் என்பது அவவுக்கு மனத்தாங்கல். அனுப்பிய காசில் ரூட் கனாலும் எனக்கு இரவுக் காப்பும் போக மீதி இருந்தது. அதில் அம்மாவுக்குக் கீழ்ப் பற்கள் கட்டினோம். கல்யாண வீட்டுப் படத்தில் இரண்டு பேரும் பல்லுத் தெரிய நிற்கிறோம். அந்தப் பல்லால் புழுக்கொடியல் கடிக்க ஏலாது என்பதுதான் அம்மாவின் ஒரே முறைப்பாடு.